பின்னேரம் வரை நின்று பிடிக்கிற கண் வண்ணம்: பவுடரா, ஸ்ரிக்கா, லைனரா?

யாழ்ப்பாணத்து வெக்கையில் கண்ணுக்கு நிறம் பூசுவது ஒரு வேலை. பூசியதைப் பின்னேரம் வரைக்கும் வைத்திருப்பது இன்னொரு வேலை. போனில் பார்க்கிற வீடியோக்கள் முதல் வேலையைத்தான் சொல்லித் தருகின்றன. ஏசி அறையில் வட்ட லைற்றுக்கு முன்னால் இருந்து, இமையில் நாலு நிறம் குழைத்து, கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து காட்டியதும் கமராவை நிறுத்திவிடுவார்கள். நமக்கு அதற்குப் பிறகுதான் கதையே இருக்கிறது. சேலை கட்ட வேண்டும், மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருந்து காற்றில் போக வேண்டும், மண்டபத்துக்குப் போனால் பந்தியில் பரிமாறக் கூப்பிடுவார்கள்.

அதனால் "அக்கா, என்ன வாங்கலாம்?" என்று கேட்கிற தங்கச்சிமாரிடமும் மச்சாள்மாரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எங்கே போகப் போகிறீர்கள், எத்தனை மணித்தியாலம் நிற்க வேண்டும்? அந்தப் பதிலை வைத்துத்தான் பவுடரா, ஸ்ரிக்கா, லைனரா என்று சொல்லலாம். மணப்பெண் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை, பார்லருக்குப் போங்கள். அன்றைக்குக் கை நடுங்கும். நான் சொல்வது மணப்பெண்ணின் தங்கைக்கும் தோழிக்கும், சாமத்தியவீட்டுக்குப் போகிற சித்திக்கும், வீட்டில் சும்மா இருந்து வீடியோ எடுக்கிற பிள்ளைக்கும்.

முதலில் பவுடர் பலெற். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற மாமியின் பெட்டிக்குள் இது ஒன்று கட்டாயம் இருக்கும். முப்பது, நாற்பது நிறம், திறந்தால் கண் கூசும். ஒரு வருடம் கழித்து அதே பலெற்றைத் திறந்து பாருங்கள். மண்ணிற வகை நாலைந்தும் ஒரு தங்க நிறமும் தேய்ந்து குழி விழுந்திருக்கும். நீலமும் ஊதாவும் பச்சையும் வந்த மாதிரியே இருக்கும். பாவிக்கத் துணிவில்லாமல் விட்டதென்று சொல்வதற்கில்லை. ஒரு நாள் எடுத்துப் பூசியிருப்பார்கள், அது திட்டுத் திட்டாக, சாம்பல் படிந்தது போல வந்திருக்கும், அப்படியே மூடி வைத்திருப்பார்கள்.

குறை கையில் இல்லை. மினுக்கமில்லாத நீலமும் ஊதாவும் பவுடர்களிலேயே குழைக்கக் கடினமானவை. தேய்க்கத் தேய்க்க நிறம் கூடுவதற்குப் பதிலாகக் கழன்று போகும். அதோடு நம் மாநிறத் தோலில் வெளிர் நிறங்கள் தனியாக நிற்காது, அடியில் ஏதாவது வேண்டும். நிறம் ஒட்டிப் பிடிக்கப் பூசுகிற பிரைமர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முகத்தில் கறை மறைக்கப் பூசுகிற கன்சீலரை நகக்கண் அளவு எடுத்து இமையில் மெல்லியதாகத் தட்டிவிட்டால் போதும். பளிச்சென்ற மஞ்சளும் ரோசாவும் வேண்டுமென்றால் வெள்ளைப் பென்சிலால் இமையை நிரப்பி, அதன்மேல் பவுடரை அழுத்தி ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்ப்பது இரண்டு நிறம் சந்திக்கிற ஓரத்தில் மட்டும்தான்.

பவுடரால் மட்டுமே முடிகிற ஒரு காரியமும் உண்டு: ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் மெல்ல இறங்குவது. மூக்குப் பக்கம் மஞ்சள், நடுவில் செம்மஞ்சள், வெளி ஓரத்தில் குங்குமச் சிவப்பு என்று அந்திவானம் போலச் செய்ய விரும்பினால் வேறு எதையும் தேட வேண்டாம். பிழைத்தால் திருத்தவும் இதுதான் இலகு. ஆனால் நம் வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபானைப் போட்டால் பவுடர் பறக்கும், நிறுத்தினால் முகம் வேர்க்கும். ஃபானை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு, முகத்துக்கு ஒன்றும் பூசாமல் கண்ணை முதலில் முடிப்பதுதான் நான் கண்ட வழி. கன்னத்தில் கொட்டிய நீலத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு முகத்துக்கு வரலாம்.

பலெற்றைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒரு தரம் வாசியுங்கள். சில நியோன் நிறங்களுக்குப் பக்கத்தில் கண்ணைச் சுற்றிப் பூச வேண்டாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கண்ணருகே பாவிக்க அனுமதித்த நிறங்களின் பட்டியல் ஒன்றை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருக்கிறது. இருட்டில் ஒளிர்வது போன்ற நியோன் நிறமிகள் அதில் இல்லை. அதனால்தான் சில நிறுவனங்கள் அவற்றை ஐஷடோ என்று சொல்லாமல் 'பிரஸ்ட் பிக்மென்ட்', அதாவது அழுத்திய நிறமி, என்று சொல்லி விற்கின்றன. இன்னொன்று, விரத காலத்தில் மரக்கறி தவிர ஒன்றும் தொடாதவர்களுக்காகச் சொல்கிறேன். 'கார்மைன்' என்றோ 75470 என்ற இலக்கமோ போட்டிருந்தால், அந்தச் சிவப்பும் ஊதாவும் கள்ளிச் செடியில் வாழ்கிற ஒரு பூச்சியிலிருந்து எடுத்த நிறம். கந்தசஷ்டி விரதத்தில் அதைப் பூசுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

அடுத்தது, இமையில் நேரே கோடாகப் பூசுகிற க்ரீம் ஸ்ரிக்கும் கண்ணுக்கான கலர் பென்சிலும். நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்தப் பக்கம்தான்.

ஒரு சாமத்தியவீட்டுக்குப் போகும்போது ஒரு கண்ணுக்குப் பவுடரும் மற்றக் கண்ணுக்கு ஸ்ரிக்கும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் மயில்பச்சை, இரண்டுக்கும் அடியில் பிரைமர் இல்லை, வேண்டுமென்றே விட்டேன். காலையில் என்னைப் பார்த்த ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பலகாரத் தட்டுகள் அடுக்கி, ஆராத்தி முடிந்து, சாப்பாடும் பரிமாறி, பின்னேரம் கண்ணாடியைப் பார்த்தால் பவுடர் பூசிய இமையின் மடிப்பில் பச்சை முழுவதும் ஒரே கோடாகத் திரண்டு, அதற்கு மேலே வெறும் தோல் தெரிந்தது. கண்ணுக்குக் கீழேயும் ஒரு பச்சை நிழல் விழுந்திருந்தது. ஸ்ரிக் பூசிய கண்ணில் உள் மூலையில் மட்டும் கொஞ்சம் போயிருந்தது. அது நான் லேஞ்சியால் வேர்வை ஒற்றிய இடம்.

இந்த ஸ்ரிக்குகளில் மெழுகோடு, பூசியதும் ஆவியாகிப் போகிற ஒருவகைத் திரவமும் கலந்திருக்கிறது. அது போகும் வரைக்கும், அதாவது அரை நிமிடம், கூடினால் ஒரு நிமிடம், நிறத்தை எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். பிறகு இறுகிவிடும். ஆகவே இரண்டு இமையிலும் கோடு போட்டுவிட்டு ஆறுதலாகக் குழைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு கண்ணை முழுவதுமாக முடித்துவிட்டுத்தான் மற்றக் கண்ணைத் தொட வேண்டும். இமைமயிர் ஓரமாகத் தடித்த கோடு ஒன்று, அதை மோதிர விரலால் மேல்நோக்கித் தட்டித் தட்டி மடிப்பு வரை கொண்டு போவது, ஓரம் கரையும் வரை சின்ன பிரஷால் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். இறுகிய பிறகு ஒரு இடம் பிழையாகத் தெரிந்தால் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், தகடு போல உரிந்து வரும். மேலே இன்னும் கொஞ்சம் போட்டு மூடுங்கள். கடைசியாக அதே நிறப் பவுடரை மேலே ஒற்றினால் மண்டபத்துக்கும் தாங்கும், மதியச் சாப்பாட்டுக்கும் தாங்கும். பலெற்றில் தொடாமல் கிடந்த நீலத்துக்கும் பச்சைக்கும் இங்கேதான் வேலை வருகிறது.

கறுப்புப் பென்சிலை அடியில் பூசி, அது இறுகுவதற்கு முன் மினுங்குகிற பச்சையையோ ஊதாவையோ விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். இமை பொன்வண்டின் முதுகு மாதிரி, தலையைத் திருப்பத் திருப்ப நிறம் மாறும். இருக்கிற லொக்குகளிலேயே குறைந்த உழைப்புக்குக் கூடுதலாக ஆட்களைத் திரும்பிப் பார்க்க வைப்பது இதுதான் என்பது என் கணிப்பு. இரண்டே சாமான், பிரஷ்கூடத் தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. நிறங்கள் குறைவு, நுணுக்கமாக மூன்று நாலு நிறம் குழைக்க முடியாது, வெக்கைக்குப் பென்சில் களி போல இளகும். சீவுவதற்குக் கால் மணித்தியாலம் முன்னதாக ஃபிரிஜ்ஜில் வைத்தால் முனை உடையாது. கண்ணுக்குள் கீழ் ஓரத்தில் இடுகிற மை வேறு சாதி. அது எண்ணெய்ப் பசையோடு இருப்பதால் இறுகவே இறுகாது, மதியத்துக்குள் கீழே இறங்கிவிடும். கீழ் ஓரத்துக்கும் நிறம் வேண்டுமென்றால் கண்ணுக்கு உள்ளே போடாமல், இமைமயிருக்கு வெளியே இறுகுகிற பென்சிலால் போடுங்கள். பெயர் முகவரி இல்லாமல் சின்னச் சீசாவில் வருகிற சுர்மாப் பொடிகளை மட்டும் வாங்க வேண்டாம். அவற்றில் பல ஈயம் கலந்தவை. குழந்தைப் பிள்ளைகளுக்குப் பூசவே கூடாது.

லிக்விட் லைனர்தான் மூன்றாவது. எடுப்பாக இருப்பதற்கு இமை முழுவதும் நிறம் வேண்டும் என்பது ஒரு நம்பிக்கை. உண்மையில் கூர்மையான ஒரு கோடு, நாலு நிறம் குழைத்த இமையைவிடத் தூரத்துக்குத் தெரியும். கறுப்பு லைனரால் கண்ணின் வெளி ஓரத்தைத் தாண்டி வழக்கமான வால் ஒன்று இழுத்துவிட்டு, அது காய்ந்ததும் அதற்கு மேலே ஒட்டினாற்போல் நீலத்திலோ வெள்ளியிலோ இன்னொரு கோடு போடுங்கள். இமை வெறுமையாக இருக்கும், ஆனாலும் ஆட்கள் கண்ணைத்தான் பார்ப்பார்கள். நீர் புகாத வகை என்றால் காய்ந்த பிறகு ஒரு மெல்லிய சவ்வு போல ஒட்டிக்கொள்ளும். வேர்வை அதை ஒன்றும் செய்யாது.

கையை மட்டும் பழக்க வேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றுங்கள், கண்ணாடியை நாடிக்குக் கீழே வைத்துக் கீழ்நோக்கிப் பாருங்கள். வால் எங்கே முடிய வேண்டும் என்பதை மட்டும் கண்ணைத் திறந்து நேரே பார்த்து ஒரு புள்ளியால் குறித்துக்கொள்ளுங்கள். இமை மடிப்பு கீழிறங்கிய கண் உள்ளவர்களுக்கு இது முக்கியம். மூடிய கண்ணில் நேர்த்தியாக வரைந்த வால், திறந்ததும் மடிப்புக்குள் போய் முறிந்து தெரியும். அவர்களுக்குக் காயும் வரை கண்ணைத் திறக்காமல் இருக்கிற பொறுமையும் வேண்டும், இல்லாவிட்டால் மேல் இமையில் இரண்டாவது கோடு ஒன்று இலவசமாக விழும். வெளிர் நிற லைனர்கள் ஒரு பூச்சில் ஒருநாளும் நிறைவாக வராது. முதல் பூச்சு காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சு.

கிட்டப்பார்வைக் கண்ணாடி போடுபவர்களுக்கு இந்த வழியை இன்னும் அழுத்திச் சொல்வேன். அந்தக் கண்ணாடி கண்ணைச் சின்னதாகக் காட்டும். மெல்லிய குழைவுகள் அதற்குள் காணாமல் போய்விடும், தடித்த கோடு போகாது. கொன்ராக்ட் லென்ஸ் என்றால் அதை முதலில் போட்டுவிட்டு மேக்கப், இரவில் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் மேக்கப் துடைப்பது.

நாலாவது, தண்ணீர் தொட்டுப் பூசுகிற கேக் நிறங்கள். பரதநாட்டியம் பழகுகிற பிள்ளைகளின் தாய்மாருக்கு பான்கேக் பழக்கம், இதுவும் அதே இனம்தான். ஈரப் பிரஷால் குழைத்தால் வாட்டர் கலர் போல வரும், பிழைத்தால் ஈரப் பஞ்சால் அழித்துவிட்டுத் திரும்பவும் வரையலாம். கோடு பழகுவதற்கு இதைவிடச் சிறந்த சாமான் இல்லை. மேடைக்கும் பொருந்தும். வீரசிங்கம் மண்டபத்தில் பின்வரிசையில் இருக்கிற அப்பம்மாவுக்கும் கண்ணின் அசைவு தெரிய வேண்டுமென்றால் கோடு விரல் தடிப்புக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் மேடையிலிருந்து இறங்கிய பிள்ளையைக் கிட்ட நிறுத்திப் போனில் படம் எடுத்தால் அதே கோடு பயங்கரமாகத் தெரியும். மேடைக்குப் போட்டது மேடைக்குத்தான். தண்ணீரில் கரைகிற சாமான் வேர்வையிலும் கரையும் என்பதால் வெளியில் நிற்கிற நாளுக்கு இது சரிவராது.

கிளிட்டர் பற்றிக் கேட்பார்கள். வாழ்த்து மட்டை செய்யப் பான்சிக் கடையில் விற்கிற கிளிட்டரைக் கண்ணில் போடவே வேண்டாம். ஓரம் கூரான பிளாஸ்டிக் துகள்கள் அவை, உள்ளே விழுந்து கசக்கினால் கருவிழியைக் கீறிவிடும். கண்ணுக்கென்று செய்த கிளிட்டர் கிடைத்தாலும் இமையின் நடுவில் மட்டும், அதற்கான பசையோடு. எனக்கு அந்த வம்பே வேண்டாம். பிரஷை ஈரமாக்கி மினுங்குகிற பவுடரைத் தொட்டு ஒற்றினால் தங்கத் தகடு ஒட்டினது போல வரும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சரி, எந்த நிறம்? சேலையின் உடல் நிறத்தையே கண்ணுக்கும் பூசுவது நம் ஊரில் பழைய வழக்கம். பச்சைச் சேலைக்குப் பச்சை இமை. படத்தில் பார்த்தால் ஒரே சட்டியில் தோய்த்து எடுத்த மாதிரி இருக்கும். கரையின் நிறத்தை எடுத்துப் பாருங்கள். மாம்பழ மஞ்சளில் ஊதாக் கரை என்றால் கண்ணுக்கு ஊதா, அரக்குச் சேலையில் மயில்பச்சைக் கரை என்றால் மயில்பச்சை. நம் கண்மணி கறுப்பும் கடும் மண்ணிறமும் என்பதால் எந்த நிறமும் ஒத்துப்போகும். தோலுக்குத்தான் கவனம் வேண்டும். நீலமோ பச்சையோ செம்போ, அடர்த்தியான நிறமென்றால் மாநிறத்தில் நல்ல வடிவாக நிற்கும், பால் கலந்தாற்போன்ற நிறங்கள் வெளிறித் தெரியும். பார்த்து முடிவெடுக்கிற இடம் அறைக்குள் இருக்கிற ரியூப் லைற் அல்ல, விறாந்தை. அங்கே சரியாக இருந்தால் எங்கேயும் சரியாக இருக்கும்.

இனி இடத்தை வைத்துச் சொல்கிறேன். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் ஒரு பின்னேரம் என்றால், ஒரே நிறத்தில் இறுகுகிற பென்சில் கோடும் நீர் புகாத மஸ்காராவும் போதும். ஆடி ஆவணியில் சோளகம் வாரிக்கொண்டு வருகிற புழுதியில் ஈரமான க்ரீம் எதுவும் மண்ணை ஒட்டிக்கொள்ளும், திருநீறு பூசும்போது கொஞ்சம் இமையிலும் உதிரும், அதனால் இமையை வெறுமையாக விடுவது நல்லது. கலியாண வீடு, சாமத்தியவீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஸ்ரிக்கும் அதன்மேல் பவுடரும். மேடைக்கு கேக். வீட்டில் இருந்து வீடியோ எடுக்க என்றால் பலெற்றை விரித்து வைத்துக்கொண்டு அந்திவானமோ மயில்தோகையோ ஆசைக்குப் போடுங்கள். வேர்க்க முன் எடுத்து முடித்துவிடலாம். இரவு நேர வரவேற்பு ஏசி மண்டபத்தில் என்றால் இரட்டைக் கோட்டு லைனர்.

முதல்முதலாக வாங்குபவர் பெரிய பலெற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். மயில்பச்சையோ ஊதாவோ ஒரு ஸ்ரிக், ஒரு கறுப்புப் பென்சில், மினுங்குகிற பவுடர் ஒன்று, ஒரு மஸ்காரா. இவற்றிலேயே மூன்று நாலு விதமான லொக் வரும். கடையில் மூடியைத் திறந்து வைத்திருக்கிற சாம்பிளைப் புறங்கையில் மட்டும் கீறிப் பாருங்கள், கண்ணுக்குக் கொண்டு போக வேண்டாம். திறந்த டப்பா போன்ற ஒரு சின்னப் படத்துக்குள் 6, 12, 24 என்று ஒரு இலக்கம் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பது அது. மஸ்காராவை மட்டும் அந்த இலக்கத்தைப் பார்க்காமல் மூன்று மாதத்தில் மாற்றிவிடுங்கள். பெட்டியில் வரும்போது நொறுங்கிய பவுடரை எறிய வேண்டாம். சேர்ஜிக்கல் ஸ்பிரிற் சில துளி விட்டுக் குழைத்து, மெல்லிய துணி வைத்து அழுத்தி, ஒரு இரவு முழுக்கக் காய விட்டால் பழையபடி ஆகும்.

கலியாண வீட்டில் கண்ணாடி முன்னால் ஐந்து பெண்கள் நின்று ஒரே மையையும் ஒரே மஸ்காராவையும் கை மாற்றுவது நமக்குப் பழக்கம். ஒருத்திக்குக் கண்நோய் இருந்தால் நாலாம் சடங்குக்குள் எல்லோருக்கும் கண் சிவக்கும். பவுடரை, பிரஷைத் துடைத்துவிட்டுப் பகிரலாம். பென்சிலைச் சீவிவிட்டுக் கொடுக்கலாம். மஸ்காராவையும் லிக்விட் லைனரையும் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.

கழற்றுவதிலும் இவை ஒன்றுக்கொன்று வேறுதான். பவுடரும் கேக்கும் முகம் கழுவும்போதே போய்விடும். ஸ்ரிக்கும் நீர் புகாத லைனரும் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்தான் வேண்டும். வீட்டுத் தேங்காயெண்ணெயே போதும். பஞ்சில் தொட்டு, மூடிய இமையில் அரை நிமிடம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் கீழ்நோக்கி வழித்தால் முழுதாக வரும். தேய்த்தால் இமைமயிரும் சேர்ந்து வரும். பிறகு சவர்க்காரமோ முகம் கழுவுகிற க்ரீமோ போட்டு எண்ணெயை எடுத்துவிடுங்கள், இமையில் எண்ணெய்ப் பசை மிஞ்சினால் அடுத்த நாள் போடுகிற எந்த நிறமும் வழுக்கும். கடும் ஊதாவும் ரோசாவும் என்ன செய்தாலும் தோலில் மெல்லிய சாயமாகத் தங்கும். அடியில் பிரைமர் போட்டிருந்தால் குறைவாக இருக்கும். இல்லாவிட்டால் ஒரு நாள், இரண்டு நாளில் தானாகப் போகும், உரஞ்ச வேண்டாம். அடுத்த நாள் வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போக இருப்பவர்கள் அன்றைக்குப் பச்சையையோ நீலத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள்.